பக்கத்துக் கட்டிலில் ஒருத்தர்

சிரஞ்சீவி ஸ்ரீதரனுக்கு,

ஆசீர்வாதமெல்லாம் கடைசியில். முதலில் திட்டு.

வருகிற வியாழக்கிழமை எனக்கு இதய வால்வு ஆபரேஷன். அதற்காக நீ அமெரிக்காவிலிருந்து செவ்வாய்க்கிழமை வந்து இறங்குகிறாய். சந்தோஷம். ஆனால் நேற்று போனில் நீ சொன்னது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "அம்மா, நீ எதுக்கும் கவலைப்படாதே. ஐ.சி.யு.ல இருக்கச்சே எந்த ஆன்டிபயாடிக் டாப்போ அதையே போடச் சொல்றேன். இந்தத் தடவை ஒருத்தரையும் குறைச்சலாப் போட விடமாட்டேன்" என்றாய். "சரிப்பா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஓடியது. அணைக்கக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். வயதாலும் இல்லை, வால்வாலும் இல்லை. கோபத்தால்.

"இந்தத் தடவை" என்றாயே, போன தடவை என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா? மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் அப்பாவுக்குக் கொடுத்த மருந்து போதவில்லை, அதனால்தான் அவர் போய்விட்டார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் பெண்டாட்டியிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாய், சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறாய், வாட்ஸப் குரூப்பில் எழுதியும் விட்டாய். நான் அதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். விமானம் ஏறுவதற்கு முன்னால் படித்து முடித்துவிடு. படிக்காமல் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்காதே.

என் வேலை என்னவென்று நீ சரியாகத் தெரிந்துகொண்டதே இல்லை. யாராவது கேட்டால் "அம்மா லேப்ல இருக்கா" என்பாய். முப்பத்தோரு வருஷம் திருச்சியில் ஒரே ஆஸ்பத்திரியின் லேபில் நான் செய்தது கிருமி வளர்ப்பு, டாக்டர்கள் கல்ச்சர் என்பார்களே, அது. நோயாளியின் ரத்தமோ சளியோ மூத்திரமோ வரும். அதிலிருக்கும் கிருமியை ஒரு தட்டில் பரப்பி, மேலே மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைத்து, மறுநாள் எடுத்துப் பார்ப்பேன். மருந்துக்குக் கிருமி சாகிறது என்றால், நிலா கோட்டை கட்டியதுபோல அந்த வில்லையைச் சுற்றி கிருமி இல்லாத ஒரு தெளிந்த வட்டம் விழுந்திருக்கும். சாகவில்லை என்றால் வட்டம் இருக்காது. வில்லையின் விளிம்புவரை கிருமி மொய்த்துக்கொண்டிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தட்டு முழுக்க வட்டங்கள்தான். வருஷம் போகப் போக ஒவ்வொன்றாகச் சுருங்கியது. நான் ஓய்வு பெறுகிற சமயத்தில் ஒரு வட்டம்கூட இல்லாத தட்டு வந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. என் கண்ணுக்கு முன்னாலேயே இது நடந்தது. அதை ஆத்துக்கு வந்து ஒரு நாளாவது உங்களிடம் சொன்னேனா? இல்லை. சாம்பாருக்குப் புளி கரைக்கப் போய்விட்டேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அதையும் கேட்டுக்கொள். மார்கழி வந்தால் நம் ஆத்தில் என்ன நடக்கும் என்று உனக்கு நினைவிருக்கும். பகல் பத்து, இராப் பத்து, பெரிய கோவிலில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் உன் அப்பா நிற்க வேண்டும். ஸ்கூலில் கணக்கு சொல்லித் தருகிற மனுஷருக்கு வருஷம் முழுவதும் தொண்டை எப்படி இருந்தாலும் கவலை கிடையாது. அந்த இருபது நாளுக்கு மட்டும் அது வெண்கலமாக இருக்க வேண்டும். காவேரிப் பனியும் விடியற்காலைக் குளியலும் சேர்ந்து சரியாகப் பகல் பத்துக்கு இரண்டு நாள் முன்னால் தொண்டை கட்டிக்கொள்ளும். "என்னடி இது, குரலே எழும்பலை. அந்த மாத்திரை இருக்கா பாரேன்" என்பார். நானும் எடுத்துக் கொடுப்பேன். ஐந்து நாள் சாப்பிட வேண்டிய ஆன்டிபயாடிக். இரண்டு நாளில் குரல் திறந்துவிடும், நிறுத்திவிடுவார். மிச்சத்தைத் தன் திருமண் பெட்டியில் அடுத்த மார்கழிக்காகப் பத்திரமாக வைத்துக்கொள்வார்.

இரண்டு நாளில் குரல் திறந்தது மாத்திரையால் இல்லை. அந்த மாதிரித் தொண்டைக் கட்டு தானாகவே இரண்டு மூன்று நாளில் போய்விடும். வெந்நீரும் மிளகும் போதும். அது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அதுதானே என் பிழைப்பு. ஆஸ்பத்திரியில் ஒரு மூளை, ஆத்தில் ஒரு மூளை என்று இரண்டை வைத்துக்கொண்டிருந்தேன். கோஷ்டியில் இருந்த மற்றவர்களுக்கும் விஷயம் தெரிந்து, "மாமி, வாத்தியாருக்குக் குடுத்தேளே, அது நாலு குடுங்கோ, வைகுண்ட ஏகாதசி கழியட்டும்" என்று வாசலில் வந்து நிற்பார்கள். பெருமாள் கைங்கர்யத்துக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று எனக்குப் பெருமைவேறு. உனக்கும் பரீட்சைக்கு முன்னால் தும்மல் வந்தால் அதே மாத்திரைதான். அதனால்தான் உனக்கு மருந்து என்றாலே பெரியதாக இருக்க வேண்டும், உடனே கேட்க வேண்டும் என்ற புத்தி வந்தது. அந்தப் புத்தியை ஊட்டி வளர்த்தவள் நான்தான்.

அப்பா பாத்ரூம் வாசலில் சுருண்டு விழுந்த காலையைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது, ஐ.சி.யு.வில் சேர்த்தோம், மூச்சு விட வென்டிலேட்டர் வைத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல், ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கியது. ஐ.சி.யு.வைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் செந்தில் நுரையீரல் சளியைக் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு, ரிப்போர்ட் வரக் காத்திருக்காமல் பெரிய மருந்தையே ஆரம்பித்தார். அது சரி. அந்த நிலையில் அதுதான் சரி. எந்தக் கிருமி என்று தெரியாதபோது எல்லாவற்றையும் அடிக்கிற மருந்து போடத்தான் வேண்டும். அந்தச் சளியை நானே தட்டில் பரப்பினேன். வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. நாலாம் நாள் நீ வந்து சேர்ந்தாய். ஐந்தாம் நாள் காலையில் தட்டை எடுத்தேன். நான்கைந்து வட்டங்கள், கண்ணுக்கு நிறைவாக, பழைய நாளில் விழுமே அந்த மாதிரி. சாதாரணக் கிருமி, சாதாரண மருந்துக்கே அடங்கும். வெகுநாளைக்கு அப்புறம் ஒரு நல்ல தட்டைப் பார்த்தேன், அதுவும் அவருடையது. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன்.

ஐ.சி.யு. கதவுக்கு வெளியே டாக்டர் செந்தில் உன்னிடம் பொறுமையாகத்தான் சொன்னார். "சார், நல்ல செய்தி. இப்ப போட்டுக்கிட்டிருக்கிற பெரிய மருந்து இனிமே தேவையில்லை. இந்தக் கிருமிக்குச் சின்ன மருந்தே போதும். மாத்திடறோம்." உன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏதோ அவர் அப்பாவின் தலையணையைப் பிடுங்கப் போவதுபோல, "குறைக்கறேளா? இவ்ளோ சீரியஸா இருக்கார், மருந்தைக் குறைக்கறேளா? இதைவிடப் பெருசு எது இருக்கோ அதைப் போடுங்கோன்னு சொல்றேன், நீங்க சின்னதுக்கு மாத்தறேங்கறேள்!" என்று கத்தினாய். காரிடாரில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "எங்கப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்புன்னு எழுதிக் குடுங்கோ" என்றாய். அப்படி எழுதிக் கொடுக்கச் சொன்னால் எந்த டாக்டர் என்ன செய்வார்? அவர் உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க சொல்லுங்க. தட்டைப் படிச்சது நீங்கதானே."

கேட்டுக்கொள், ஸ்ரீதரா. என் கையில் ரிப்போர்ட் இருந்தது. அத்தனை வருஷப் படிப்பு என் தலையில் இருந்தது. அந்த இடத்தில் உண்மை தெரிந்த ஒரே குடும்பத்து ஆள் நான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிள்ளை அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கான். அவன் சொல்றபடியே பண்ணிடுங்கோ டாக்டர்." சொல்லிவிட்டு ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால் உன்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஒரு வீம்பு. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் "அம்மாதான் குறைக்கச் சொன்னா" என்று நீ என்னைப் பார்ப்பாயோ என்று ஒரு பயம். அந்த இரண்டுக்கும் உன் அப்பாவைப் பலி கொடுத்தேன். டாக்டர் செந்தில் உள்ளே போனார். அவர் மேலும் எனக்குக் கோபம்தான். படித்த படிப்பு என்னத்துக்கு, எங்கள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டாமா?

பெரிய மருந்து தொடர்ந்தது. நீ நினைப்பதுபோல அது நோயை மட்டும் அடிக்கிற மருந்து இல்லை. உடம்பில் இருக்கிற எளிய கிருமிகளையெல்லாம் சேர்த்துக் கொன்று இடத்தைக் காலி செய்துவிடும். அந்தக் காலி மனையில் எந்த மருந்துக்கும் சாகாத முரட்டுக் கிருமி ஒன்று வந்து நிம்மதியாகக் குடியேறும். ஐ.சி.யு. மாதிரி இடத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. கட்டில் கம்பியில் இருக்கும், குழாயில் இருக்கும், நம் கையில் இருக்கும்.

கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கட்டிலில் முருகேசன் என்று ஒருத்தர் இருந்தாரே, ஜீயபுரத்துக்காரர், வாழை போட்டிருப்பவர், கரூர் ரோட்டில் லாரி இடித்துக் கால் நொறுங்கி வந்தவர். அவர் பெண்டாட்டி செல்விதான் காரிடாரில் எனக்கு எலுமிச்சை சாதம் கொடுத்து, "சாப்பிடுங்கம்மா, நீங்க விழுந்துட்டா அய்யாவை யாரு பாக்குறது" என்று வற்புறுத்துவாள். மற்றவர்களுக்கெல்லாம் உள்ளே போக ஐந்து நிமிஷம், கை கழுவாமல் விட மாட்டார்கள். நமக்கு மட்டும் கேள்வி கிடையாது. வாசலில் இருந்த நர்ஸே, "நம்ம லேப் அம்மா வீட்டு ஆளுங்கதானே, போங்க போங்க" என்று கதவைத் திறந்துவிடும். ஸ்டாஃப் குடும்பம் என்றால் கிருமி ஒட்டாது என்று நினைப்பு. ஒரு நாள் மத்தியானம், நீ அப்பாவின் வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாய். முருகேசன் வலியில் முனகினார். நீ அப்படியே திரும்பி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்கண்ணே, சரியாயிடும்" என்றாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளைக்கு எவ்வளவு ஈரமான மனசு என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கை கழுவு என்று சொல்லத் தோன்றவில்லை.

பதிமூன்றாம் நாள் அப்பாவுக்குத் திரும்பக் காய்ச்சல். திரும்பச் சளி, திரும்பத் தட்டு. மறுநாள் நான் மூடியைத் திறந்தேன். ஒரு வட்டம்கூட இல்லை. எல்லா வில்லையையும் மூடிக்கொண்டு கிருமி ஒரே பரப்பாக வளர்ந்திருந்தது. நீ சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த அந்தப் பெரிய மருந்தின் வில்லையைச் சுற்றியும்தான். மிச்சமிருந்தது ஒரே ஒரு கடைசி மருந்து. அது சிறுநீரகத்தை அடிக்கும் என்று தெரிந்தேதான் போட்டார்கள், வேறு வழியில்லை. அடித்தது. பத்தொன்பதாம் நாள் அவர் போய்விட்டார். வந்தவர்கள் எல்லாரும் "ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டார், கொடுத்து வைச்சவர்" என்றார்கள். நான் தலையாட்டினேன். அவர் திருவடி அடைந்தார், சரி. வழியனுப்பி வைத்தவர்கள் நாம், அதை யாரிடம் சொல்ல?

அவசரப்பட்டு ஒன்றைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மருந்தைக் குறைத்திருந்தால் அவர் கட்டாயம் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அந்த அடைப்பே அவரைக் கொண்டுபோயிருக்கலாம். மார்கழி மாத்திரையால்தான் இப்படி ஆயிற்று என்றும் சொல்ல மாட்டேன். யாராலும் சொல்ல முடியாது. எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். கத்தியால் குத்தினால் இன்னார் குத்தினார் என்று காட்டலாம். இதில் இரண்டு மாத்திரை கொடுத்தவள், பாதியில் நிறுத்தியவர், கத்தியவன், பயந்த டாக்டர், கதவைத் திறந்துவிட்ட நர்ஸ் என்று எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் பிரியமாகத்தான் செய்தோம்.

பதிமூன்று நாள் காரியம் முடிந்து, நீ ஊருக்குப் போன பிறகு, நான் வேலைக்குத் திரும்பினேன். ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அப்பா போன மறுநாள் தேதியில், அவருக்கு அடுத்த கட்டில் நம்பரில், முருகேசனின் கால் புண்ணிலிருந்து எடுத்த கல்ச்சர். அதே கிருமி. அப்பாவின் ரிப்போர்ட்டில் என்னென்ன மருந்துக்கு அடங்கவில்லையோ, அத்தனைக்கும் அடங்கவில்லை, வரிசை மாறாமல். உன் கைதான் கொண்டுபோயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. நர்ஸின் கையாக இருக்கலாம், என் கையாக இருக்கலாம், டாக்டர் கழுத்தில் தொங்குகிற குழாயாக இருக்கலாம். ஆனால் அப்பாவின் கட்டிலிலிருந்துதான் போயிற்று. முருகேசன் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கால் பிழைத்தது. அந்தக் கடைசி மருந்தோடு சேர்த்துக் கொடுத்த இன்னொரு ஊசி காதைத் தாக்குகிற வகை. காது போய்விட்டது. செல்வி லேப் வாசலில் வந்து, "என்னம்மா, புண்ணு ஏன் ஆறவே மாட்டேங்குது? நீங்களாவது சொல்லுங்களேன்" என்று கேட்டாள். "டாக்டரைக் கேளும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவள் போட்ட எலுமிச்சை சாதம் அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சைக் கரித்தது.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஜீயபுரம் போனேன். விசாரித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். முருகேசன் வாசலில் வாழையிலைகளை அளவு பார்த்து நறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டது கேட்கவில்லை. செல்வி வந்து தோளைத் தட்டி, என்னைக் கையால் காட்டினாள். உள்ளே உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்போர்ட், உன் சண்டை, நான் மடித்துப் பையில் வைத்தது, ரிஜிஸ்டரில் பார்த்தது, அவளிடம் சொல்லாமல் உள்ளே போனது, எல்லாவற்றையும். அவள் என்னைத் திட்டுவாள், திட்டட்டும், வாங்கிக்கொண்டு வரலாம் என்றுதான் போயிருந்தேன்.

அவள் திட்டவில்லை. இப்படிச் சொன்னாள். "அம்மா, நானும் ஒண்ணு சொல்லணும். பக்கத்து பெட்டு அய்யாவுக்குப் போடுற மருந்தையே எங்க வீட்டுக்காரருக்கும் போடுங்கன்னு நான்தாம்மா டாக்டர் கால்ல விழுந்தேன். இவருக்கு வேணாம்மான்னுதான் அவர் சொன்னாரு. நான் கேக்கல. லேப் அம்மா வீட்டு ஆளுக்கே அதைத்தான் போடுறாங்கன்னா அதுதானே நல்ல மருந்து? ஏழைன்னு எங்களுக்கு மட்டும் சின்னது குடுக்குறாங்கன்னு நினைச்சிட்டேன்."

நீ கத்தினாய், நான் தலையாட்டினேன். அதைப் பார்த்து அவள் கேட்டாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாள், ஸ்ரீதரா. தெரிந்தவள் வீட்டிலேயே அப்படி என்றால் தெரியாதவள் என்ன செய்வாள்? அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கிளம்பும்போது முருகேசன் ஒரு சீப்புப் பூவன் பழத்தை என் பையில் வைத்து, காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில், "தம்பி நல்லாருக்காரா? அன்னிக்கி என் கையப் புடிச்சுக்கிட்டாரும்மா. பெத்த புள்ள மாதிரி. கேட்டேன்னு சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன். உனக்குச் சேர வேண்டியதை உனக்குச் சேர்த்துவிட்டேன்.

திரும்பி வந்து நேரே டாக்டர் செந்திலைப் போய்ப் பார்த்தேன். இப்போது அவர் முன்னைப் போல இல்லை. எந்த நோயாளிக்கு என்ன ஆன்டிபயாடிக், எதற்கு, என்றைக்கு நிறுத்துவது என்று தினமும் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்கிற ஒரு குழுவை நடத்துகிறார். மற்ற டாக்டர்களுக்கு அவரைக் கண்டால் எரிச்சலாம். "அன்னிக்கு நான் உறுதியா நின்னிருக்கணும்மா" என்றார். "நின்னிருக்கணும்தான்" என்றேன், ஆறுதல் சொல்லவில்லை. அவரிடம் ஒரு தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எனக்கு எந்த மருந்து என்பதை ரிப்போர்ட் சொல்லட்டும், நீங்கள் சொல்லுங்கள், என் பிள்ளை சொல்லக் கூடாது, அவன் எவ்வளவு கத்தினாலும், என்று. படித்துவிட்டு, "சார் வருத்தப்படுவாரேம்மா" என்றார். படட்டும்.

என்னைச் சாக விடு என்று நான் சொல்லவில்லை. எனக்கு வாழ ஆசை இருக்கிறது. அடுத்த மார்கழிக்குப் பெருமாளைச் சேவிக்க வேண்டும், உன் பெண்ணுக்கு ரெட்டைப் பின்னல் போட வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்து ரத்த அழுத்தம் விழுந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் பெரிய மருந்தையே போடட்டும், நீ தடுக்காதே. ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்தார்களா என்று மட்டும் கேள். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்று கேள். மாற்றலாம் என்றால் மாற்றட்டும், நிறுத்தலாம் என்றால் நிறுத்தட்டும். அந்தச் சமயத்தில் உன் தொண்டை வரைக்கும் ஒரு கத்தல் வரும். அது பாசம் என்று நினைப்பாய். அது பயம். நான் அந்தப் பயத்துக்குத்தான் தலையாட்டினேன். நீ அதை விழுங்கிக்கொண்டு வெளியே போய் ஒரு காபி குடி.

அப்பாவின் திருமண் பெட்டி இன்னும் பெருமாள் அலமாரியில்தான் இருக்கிறது. காரியம் முடிந்த அன்று நீ அதைத் திறந்து, உள்ளே ஒரு அட்டை மாத்திரையைப் பார்த்து, "இது என்னம்மா?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்லை, பழசு" என்றேன். அதில் ஆறு மாத்திரை மிச்சம். நான் அதை எறியவில்லை. நீ வந்ததும் உன் கையில் கொடுப்பேன். நம் குடும்பத்தில் இனி யாருக்கும் தொண்டை கட்டினால் என்ன செய்யக் கூடாது என்பதை உன் பெண்ணுக்கு அதைக் காட்டிச் சொல்லிவிட்டு, பிறகு ஆஸ்பத்திரியில் கழிவு மருந்து போடுகிற பெட்டியில் போட்டுவிடு. குப்பையில் போடாதே, கொள்ளிடத்தில் எறியாதே.

ஆசீர்வாதம் கடைசியில் என்றேன். தீர்க்காயுசாக இரு. உன்னை நான் திட்டியதில் பாதிக்கு மேல் எனக்கு நானே திட்டிக்கொண்டது, அது உனக்குப் புரியும். வியாழக்கிழமை மத்தியானம் என்னை ஐ.சி.யு.வுக்குக் கொண்டுவந்து போடுவார்கள். நர்ஸ் உன்னைப் பார்த்ததும், "நம்ம லேப் அம்மா பையன்தானே, போங்க" என்று கதவைத் திறந்துவிடும். நீ போகாதே. குழாயடியில் நின்று சோப்புப் போட்டு இரண்டு கையையும் மணிக்கட்டு வரைக்கும் நன்றாகக் கழுவிக்கொண்டு வா. வந்து என் கையைப் பிடித்துக்கொள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்துக்கொள். பிறகு திரும்பவும் கழுவிக்கொண்டு போ. பக்கத்துக் கட்டிலில் ஒருத்தர் படுத்திருப்பார்.

அம்மா